மாமியார் சொன்ன தேதி

பயிற்சி வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள். நடுவில் கர்ப்பிணி, சுற்றிலும் கணவன், மாமியார், மாமனார், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. கர்ப்பிணியைத் தனியாகப் பார்க்கக் கூடாது, குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், குடும்பத்தோடு பேச வேண்டும் என்று சொல்லி, மதியம் சாம்பார் சாதம் போட்டு அனுப்பினார்கள். நடுவில் நிற்கிறாளே, அவளோடு யார் பேசுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆம்பூரை ஒட்டிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். ஒரு பெண்ணை அவள் மாமியார் அழைத்து வந்தார். கழுத்திலிருந்த ஷூ கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். பசை ஒட்டும் பிரிவில் வேலை. அந்த வாடைக்கு அங்கேயே வாந்தி எடுக்க, சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். சிறுநீர்ச் சோதனையில் கர்ப்பம் உறுதியானது. பதிவேட்டைத் திறந்து, கடைசியாக எப்போது தூரமானாய் என்று அவளைத்தான் கேட்டேன். பதில் மாமியாரிடமிருந்து வந்தது.

"ஆடிக் கிருத்திகை சிஸ்டர். எனக்கு நல்லா நெனப்புகீது. வூடே கோயிலுக்குப் போச்சு, இவ மட்டும் வெளிய குந்தினுருந்தா."

பெண்ணின் உதடு லேசாக அசைந்தது. நான் பார்த்தேன். வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். ஆடிக் கிருத்திகைத் தேதியையே எழுதிக்கொண்டு, ஸ்கேன் எடுத்துவரச் சீட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். இருபது வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறேனே, அந்த லட்சணம் இதுதான்.

மறுநாளே ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார்கள். குழந்தைக்கு நல்ல இதயத் துடிப்பு. ஆனால் மாமியார் கணக்கைவிட ஒரு மாதம் கூடுதலாக வளர்ந்திருந்தது. அதைச் சொன்னதும் அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ வயித்துல புள்ள இருக்கும்போதே மூணு நாள் தூரமாயிருக்காளா? அப்படிப்பட்ட கரு உருப்படியாப் பொறக்காது சிஸ்டர். மாத்திரை குடுத்துக் கலைச்சி வுட்ருங்க. சின்ன வயசுதானே, அடுத்தது நல்லபடியா நிக்கும்."

பெண் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தக் குழந்தை வேண்டும் என்பது கண்ணிருக்கிற எவருக்கும் தெரிந்திருக்கும். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எடை பார்க்கும் அறையில் ஒரு ஆளுக்கு மேல் நிற்கக் கூடாது, சட்டம் என்று ஒரு பொய்யைச் சொல்லி, பெண்ணை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன்.

"ஆடிக் கிருத்திகைக்கு ரத்தம் எவ்ளோ பட்டுச்சும்மா? வயித்துவலி இருந்துச்சா?"

அவள் அழ ஆரம்பித்தாள்.

"ஒண்ணுமே படலக்கா. நான் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"காலைல நாலரைக்கு எழுந்து ஆறு பேருக்குச் சமைச்சிட்டு வேன் ஏறணும். சாயங்காலம் வந்தா மறுபடியும் அடுப்பு. தூரம்னா மட்டும் அந்த மூணு நாளு சமையல்கட்டுக்குள்ள வுடமாட்டாங்க. கம்பெனிக்குப் போய்ட்டு வந்து படுத்துக்கலாம். அது வரும் வரும்னுதான் மாசம் பூரா ஓட்டுவேன். அந்த மாசம் தேதி வந்துச்சு, தூரம் வரல. ஒடம்பு சுத்தமா முடியல. அதான் ஆயிட்டேன்னு சொல்லிட்டேன். அத்தைகிட்ட சொல்லிடாதீங்கக்கா. சாமி காரியத்துல பொய் சொன்னேன்னு தெரிஞ்சா வூட்ல வெக்கமாட்டாங்க."

தீட்டு என்று ஒதுக்குவதே அநியாயம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறேன். இங்கே ஒருத்தி அந்தத் தீட்டைப் பொய்யாகச் சொல்லி வாங்கியிருக்கிறாள். ஒரு மனுஷி உடம்பு முடியவில்லை என்று சொல்லிப் படுக்க முடியாத வீட்டில், அசுத்தம் என்று சொன்னால் படுக்கலாம். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்தப் படத்தை வரைந்தவன் கையில் கிடைத்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

வெளியே வந்து பதிவேட்டில் தேதியைத் திருத்தினேன். காரணம் எழுதவில்லை.

"அம்மா, ஆரம்பத்துல சில பேருக்கு இந்த மாதிரி ஆகறது உண்டு. புள்ள நல்லா இருக்கு. கலைக்கற பேச்சே வேணாம்" என்றேன். டாக்டரையும் அதையே சொல்ல வைத்தேன். பிறகு, பெண்ணுக்கு ரத்தம் கம்மி, பசை வேலையிலிருந்து மாற்றச் சொல்லி கம்பெனிக்குச் சீட்டுத் தருகிறேன், வீட்டிலும் தினமும் ஓய்வு வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன்.

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். மருமகள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"வயித்துல பால வாத்தீங்க சிஸ்டர். ரெஸ்ட் எடுக்கட்டுமே, வேல முடிஞ்சப்புறம் யாரு வேணான்றது? இனிமே பத்து மாசத்துக்கு தூரம்ன்ற பேச்சே இல்ல. மாசாமாசம் மூணு நாளு நான் ஒண்டியா அடுப்புல பேஜார் பட வேணாம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். குழந்தையைக் காப்பாற்றினேன் என்று நிமிர்ந்து நின்றவள், அவளுக்கு இருந்த ஒரே ஓய்வும் போய்விட்டது என்று அப்போதுதான் உணர்ந்தேன். வாயைத் திறந்து அந்த அம்மாளிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். போட்டால் பொய் வெளியே வந்துவிடும்.

மாமியார் மாத்திரை வாங்க வரிசைக்குப் போனார். பெண் என் மேசைப் பக்கம் வந்தாள். முதல் பிள்ளை சுமப்பவர்கள் பிரசவத் தேதியைக் கேட்பார்கள். குழந்தை அசைவது எப்போது தெரியும் என்று கேட்பார்கள். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, புள்ள பொறந்தா எத்தினி நாளு தீட்டு?"