அவித்த மா

மனைவிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று டொக்டர் சொன்னபோது அவள் கவலைப்பட்டது மருந்தை நினைத்தல்ல, பேக்கரிப் பாணை நினைத்துத்தான். காலையில் பாணும் இடித்த தேங்காய்ச் சம்பலும் இல்லாவிட்டால் அவளுக்கு நாள் தொடங்காது. வெள்ளைப் பாண் கூடாது, தவிட்டோடு அரைத்த கோதுமை மாவில் வீட்டிலேயே செய்தால் இரண்டு துண்டு சாப்பிடலாம் என்றார் டொக்டர். “நான் செய்து தாறன்” என்று அந்த இடத்திலேயே வாயை விட்டுவிட்டேன். அதுவரை நான் செய்த பெரிய சமையல் முட்டைப் பொரியல்.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் ஓட்டோ வரும். முன்பெல்லாம் அவள் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். இப்போது பல்கனிக் கதவைச் சாத்தியே வைத்துவிட்டு, பாட்டுக் கேட்கும்போது ஆட்டா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நான் சுட்ட முதல் பாண் செங்கல். இரண்டாவது அதன் தம்பி. மூன்றாவதை ஒரு காகம் கொத்திப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. ஈஸ்ட்தான் பிழை என்று முடிவுகட்டி, அதை வாங்கிய பாமன்கடைப் பக்கத்துக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். முதலாளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனியும் ஈஸ்டும் கரைத்து என் முன்னால் வைத்தார். பத்து நிமிடத்தில் நுரை விளிம்புக்கு வந்துவிட்டது.

“அங்கிள், ஈஸ்ட் நல்லாத்தானே இருக்கு” என்றார். இன்னொரு பக்கற் ஈஸ்ட் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

“உங்களுக்கேன் இந்த வேலை? எனக்கு ரொட்டியே காணும், விடுங்கோ” என்றாள் மனைவி. கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அலுத்துப்போய்ச் சொன்னாள், அதுதான் சுட்டது.

“இன்னும் ஒருக்கா. சரிவராட்டி விடுறன்” என்றேன்.

புதிய ஆட்டா மாப் பக்கற்றை வழக்கம்போல அவளிடம் கொடுத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன். மறுநாள் டின்னிலிருந்து மா எடுத்துப் பிசைவது என் வழக்கம். அன்று பாதி வழியில் மழை பிடித்துத் திரும்பினால், சமையலறை முழுக்க ஆவி. வெள்ளைத் துணியில் கட்டுண்டு என் மா ஸ்டீமரில் வெந்துகொண்டிருந்தது.

“என்னப்பா செய்யிறீர்?”

“மா அவிக்கிறன். அவிக்காமல் டின்னில போட்டால் வண்டு பிடிக்குமெல்லோ.”

“போன மூன்று தரமுமோ?”

“ஓம். அரிச்சும் வச்சனான்” என்றாள், பெருமையாக.

பிட்டு உதிரியாக வரவேண்டும் என்றுதான் எங்கள் வீடுகளில் மாவை அவிக்கிறோம். பாணுக்கோ மா ஒட்டி இழுபட வேண்டும். வெந்த மாவை எந்த ஈஸ்டாலும் தூக்க முடியாது. இதைச் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அப்ப என்ர பாணை நானே கெடுத்தனானோ?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும் வந்துவிட்டது. நனைந்த சட்டையோடு திரும்ப ஓடி இன்னொரு பக்கற் வாங்கி, அதை அவளிடம் கொடுக்காமல் கக்கத்தில் இடுக்கியபடியே ஸ்டீமரைத் தாண்டிப் போனேன்.

அடுத்த நாள் விடிந்ததும் பிசைந்தேன். மா கையோடு ஒட்டி இழுபட்டது. ஒன்றரை மணித்தியாலத்தில் மூடியிருந்த துணியை அது முட்டித் தள்ளியது. ஓவனுக்குள் இன்னும் எழும்பி, பாண் தகரத்துக்கு மேலே பழுப்பாகத் தலை நீட்டியது. முதல் மாடிப் பெண் மணம் பிடித்து மேலே ஏறி வந்து, “என்ன அங்கிள், பேக்கரி திறந்திட்டீங்களோ?” என்று கேட்டாள். என் தலை கூரையில் முட்டாதது ஆச்சரியம்!

சூடு ஆறும் முன்பே மனைவி இரண்டு துண்டு வெட்டிச் சம்பல் வைத்தாள். முதல் கடியில் கண்ணை மூடினாள். அந்த நேரம் பார்த்துக் கீழே பாட்டுக் கேட்டது. அவள் துண்டைக் கையில் பிடித்தபடி எழுந்து போய், மாதக்கணக்காகச் சாத்தியிருந்த பல்கனிக் கதவை அகலத் திறந்தாள்.

“எப்பா மல்லி!”, வேண்டாம் தம்பி, என்று பாண்காரனைக் கூப்பிட்டுச் சிங்களத்திலேயே சொன்னாள். “எங்கட வீட்டிலயே சுடுறம்!”