மேட்டுத் தெருவில் ஒரு காலி மனை

வெர்னெல் டீகுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவள், பெரிய தூண் வைத்த பழைய வீடுகள் வரிசைகட்டி நிற்கும் மேட்டுத் தெருவில் மனை கேட்டால் வேறென்ன பேசுவார்கள்? அப்படிப் பேசிய ஒருவர் வீட்டுக்குள்ளும் மிசிசிப்பி ஆறு வந்ததில்லை. வெர்னெலின் வீடு இருந்தது பள்ளத்தில். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் ஒட்டிய சேற்றைக் கழுவிக் கழுவி அவளுக்கு அலுத்துப்போயிற்று. சாவதற்குள் கால் நனையாத வீட்டில் படுத்துத் தூங்கவேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

மேட்டில் ஒரே ஒரு மனைதான் காலியாகக் கிடந்தது. அது பர்விஸ் குடும்பத்துச் சொத்து. கிழவர் எல்பர்ட் பர்விஸ் உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டதால், பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்கமுடியும். மற்றவர்கள் சம்மதித்துவிட்டார்கள். மூத்த மகள் எர்லீன் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"சிகாகோவுல குளுருல நடுங்கிக்கிட்டுக் கிடக்குற பொம்பளைக்கு இந்த மண்ணு எதுக்குடி?" என்று வெர்னெலின் பக்கத்து வீட்டு டெசி பொருமினாள்.

"வாய மூடு. ஆகஸ்ட்ல வருவாங்கள்ல, நானே கேட்டுக்கிறேன்."

ஆகஸ்டில், ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லோரும் தேவாலயத்துக்குத் திரும்பி வரும் ஞாயிறு. ஆராதனை முடிந்து மரத்தடியில் பந்தி. வெர்னெல் பீச் பழ இனிப்பை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நேரே எர்லீன் முன்னால் போய் நின்றாள்.

"இனிப்பக் காட்டி கையெழுத்து வாங்கலாம்னு பாக்குறியா?"

"ஆமா, மிஸ் எர்லீன். இல்லாட்டி இவ்வளவு வெண்ணெய் எதுக்குப் போடப்போறேன்?"

எர்லீன் சிரித்துவிட்டாள். பாதித் தட்டைக் காலி செய்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"வீடு கட்டுவியா?"

"கட்டாம?"

"அப்ப ஆறு ஏறுனா, உங்க பள்ளத்து ஜனம் கட்டிலையும் அடுப்பையும் எங்க கொண்டுபோய் வைக்கும்? உன் தலையிலயா?"

வசந்தத்தில் ஆறு ஏறும்போதெல்லாம் பள்ளத்து ஜனங்கள் சாமான்களை அந்த மனையில்தான் கொண்டுவந்து அடுக்குவார்கள். எல்பர்ட் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை, தடுத்து ஒரு கயிறுகூடக் கட்டியதில்லை. வெர்னெலின் கட்டிலே அங்கே எத்தனையோ முறை தார்ப்பாய்க்கடியில் கிடந்திருக்கிறது. தனக்கொரு கூரை கிடைக்கப்போகிற அவசரத்தில் மற்றவர்களை எப்படி மறந்தோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சமாளிக்க ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, "யோசிச்சிட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் எர்லீன் ஊருக்குக் கிளம்புமுன் போய் நின்றாள்.

"வீட்ட மனையோட கடைசியில ஒதுக்கிச் சின்னதாக் கட்டிக்கிறேன். முன்பக்கம் முழுக்க அப்படியே கெடக்கட்டும். வேலி கிடையாது. பத்திரத்துலயே எழுதிடுங்க."

"பூச்செடி?"

"அதுவும் கிடையாது. டெசி கொண்டுவந்து அது மேலதான் அடுப்ப எறக்குவா."

"எங்கப்பா இருந்திருந்தா உனக்குச் சும்மாவே குடுத்திருப்பாரு," என்று சொல்லி எர்லீன் பேனாவைக் கேட்டாள்.

அதோடு முடிந்ததா? ஊரின் பழைமையைக் காக்கிறோம் என்று ஒரு குழு உண்டு. வாசல் கதவுக்குப் பச்சை அடிப்பதென்றாலும் அவர்களிடம்தான் கேட்கவேண்டும். அதன் கூட்டத்தில் தலைவர் விட்லோ, புது வீடும் மற்ற வீடுகளோடு ஒரே வரிசையில் தெருவை ஒட்டித்தான் நிற்கவேண்டும், அதுதான் இந்தத் தெருவின் பழைய அழகு என்றார்.

வெர்னெல் எழுந்தாள். "ஐயா, என் கொள்ளுத்தாத்தா காலத்திலேர்ந்து எங்க கட்டிலு அந்த மனையிலதான் வந்து நிக்குது. அது காலியாக் கெடக்குறதும் பழசுதான். அதையும் சேத்துக் காப்பாத்துங்க."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். விட்லோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். அனுமதி கிடைத்தது.

இந்தத் தெருவில் மனை வாங்கியவர்கள் எத்தனையோ பேர். வாங்கியதில் முக்கால்வாசியை ஊருக்கே விட்டுவிட்டவள் இவள் ஒருத்திதான். எனக்கு அவள்மேல் அப்படியொரு மரியாதை.

வீடு கட்டிக் குடிபுகுந்த பிறகு வந்த முதல் வசந்தத்தில் ஆறு ஏறியது. விடியற்காலையில் வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் வெர்னெல் துள்ளி எழுந்தாள். மெத்தையைச் சுருட்டினாள், கயிற்றால் இறுக்கிக் கட்டினாள், தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். எதிரே, மனையின் முன்பக்கத்தில் டெசி தன் நாற்காலிகளை ஒரு டிரக்கிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அடியே வெர்னெல், அத எங்கடி தூக்கிட்டுப் போற?"

வெர்னெல் நின்றாள். தோளில் மெத்தை. காலடியில் காய்ந்த மண். அப்படியே மெத்தையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.