ஏத்தக்காரி கேட்ட இழுவை

ஓடிப்போனாளாம்! வாய் கூசாமல் பேசுகிறார்கள். ஏத்தக்காரி எங்கே ஓடினாள்? பட்டப்பகலில், தெருவே பார்க்கப் படியிறங்கி நடந்துதான் போனாள். இன்ஜினுக்காகப் புருஷனை விட்டவள் என்று இளிக்கிறவர்கள், மழை நாளில் அவள் ஜீப்பில் தொற்றிக்கொண்டுதானே வீடு போய்ச் சேர்ந்தார்கள்?

மேட்டுக் குடியிருப்புக்குக் கல்லும் சேறுமாக ஒரே பாதை. அதில் ஆளையும் மூட்டையையும் ஏற்றிப்போக அவளையும் அந்தக் கிழட்டு ஜீப்பையும் விட்டால் வேறு நாதியில்லை; அதனால்தான் ஏத்தக்காரி என்று பேர். ஒருநாள் இன்ஜின் விரிசல் விட்டு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புருஷன் மெக்கானிக். "வேற இன்ஜின் ஏத்திடலாம். நீயே வந்து பாரு" என்றான்.

பழைய இன்ஜின் கடையில், கிரீசுக்கு நடுவே கிடந்த ஒரு கனத்த டீசல் இன்ஜினைத் தட்டிப் பார்த்தாள். கடைக்காரர் பக்கத்தில் மினுமினுத்த கார் இன்ஜினைக் காட்டினார். "இது பறக்கும்மா."

"பறந்து எங்கண்ணே போறது? எனக்கு இழுவை வேணும். ஊர்ந்தாலும் சரி, பாதி ஏத்தத்துல மூச்சு முட்டக் கூடாது."

தலையில் கட்டியிருந்த பச்சைத் துணியில் ஒரு முனை கிழித்து டீசல் இன்ஜினில் அடையாளமாகக் கட்டினாள். புருஷன் சிரித்தான். "சரி தாயே, நீ கட்டினதுதான்."

தங்கச்சி பிரசவத்துக்குப் போய்த் திரும்பினால், ஜீப் தயார். சாவியைத் திருப்பினாள். தையல் மிஷின் மாதிரிச் சத்தம். பானெட்டைத் தூக்கினால் கார் இன்ஜின்.

"அது வித்துப்போச்சு. இதோட பிக்கப்பைப் பாரு!" என்றான் புருஷன்.

"நான் கேட்டது இழுவை."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

நம்பித் தொலைத்தாள். பாதி ஏத்தத்தில் வண்டி திணறி அணைந்து பின்னால் சரிந்தது. இறங்கித் தள்ளிய கிழவர், "ஏத்தக்காரிக்கு இறக்கம் வந்திருச்சு டோய்!" என்றார். அப்போதும் புருஷனை விட்டுக்கொடுக்கவில்லை. "புது இன்ஜின் பெரியப்பா, பழகணும்" என்று தானும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவன் வாசலில் வந்து நின்றான். "அண்ணன் இல்லையாக்கா? நான் சொன்ன கார் இன்ஜினையே போட்டுட்டாராம். நாலுவழி ரோட்ல இனிமே பறக்கலாம். விலை பேசின வண்டியை எடுத்துட்டுப் போக வந்தேன்."

ஈரத் தலையோடு வந்த புருஷன் துண்டை இறுக்கிக் கட்டினான். "நீ எதுக்கு இப்படி அல்லாடணும்? வீட்ல நிம்மதியா இருப்பேன்னுதான்..."

"வண்டியை விக்கிறவன் என்னை ஏன் கடைக்குக் கூட்டிட்டுப் போன?"

அவன் சாவிக்காகக் கையை நீட்டினான்.

"பச்சைத் துணி கட்டினது நிஜமாவே வித்துப்போச்சா?"

"இல்ல. அங்கேயேதான் கிடக்கு."

அவள் செருப்பை மாட்டினாள். சாவியைப் புருஷன் நீட்டிய கையில் வைக்காமல், வந்தவனிடம் கொடுத்தாள்.

"தம்பி, மேட்டுப் பக்கம் மட்டும் கொண்டுபோயிடாத. இழுக்காது."

படியிறங்கி, இன்ஜின் கடை இருக்கும் பக்கமாக நடந்தாள்.