துண்டு போட்ட கட்டில்

வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்காகத் தென்காசியில் ஒரு சின்ன இல்லம் நடத்துகிறேன். இந்த வேலைக்குக் கருணை வேண்டும் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். என்னிடம் அதைவிட அதிகமாக இருப்பது துருவிக் கேட்கும் புத்தி. ஒருத்தி வந்து உட்கார்ந்தால், அவள் எதைச் சொல்லாமல் விட்டாள் என்பதுதான் என்னை அரிக்கும்.

ஒரு சாரல் நாளில் போன் வந்தது. பெண்குரல், பின்னால் சந்தை இரைச்சல். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவன் வீட்டில் ஒரு பெண் தினமும் அடி வாங்குகிறாள், உங்களிடம் இடம் இருக்கிறதா என்று அந்தக் குரல் கேட்டது. புருஷன் அவளைத் தனியே விடுவதில்லையாம். கோயிலுக்கும் கூட வருவான், ஆஸ்பத்திரிக்கும் கூட வருவான், தையல்கடையில் அளவு கொடுத்தாலும் வாசலில் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறார்கள். அருவியில் பெண்கள் பக்கம் மட்டும்தான் அவனால் கால் வைக்க முடியாது. ஆரஞ்சுத் துண்டு அடையாளம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டது.

தன் கதையை அடுத்த வீட்டுக்காரி கதை மாதிரிச் சொல்வது எங்களிடம் வருகிறவர்களுக்கு வழக்கம். பேசியது அந்தப் பெண்ணேதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிறன்று ஆட்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, நானும் குளிக்க வந்தவள்போலக் கூட்டத்துக்குள் நுழைந்தேன். அருவிக்கடியில் எல்லாப் பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். கடைசியில் ஆரஞ்சுத் துண்டு தென்பட்டது. ஆனால் அது அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் தோளில் கிடந்தது. அவர் ஓர் இளம்பெண்ணின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். போச்சு, மாமியாரைக் காவலுக்கு அனுப்பிவிட்டான் என்று நினைத்தேன்.

நான் துண்டையே பார்ப்பதைக் கண்டு அந்த அம்மாதான் என்னிடம் வந்தார். அந்த இரைச்சலில் காதோடு வாய் வைத்துத்தான் பேச முடியும்.

"போன் பண்ணது நான்தாம்மா. இவகிட்ட கேட்டாச்சு, வாரேங்கா. இப்பமே கூட்டிட்டுப் போயிரு."

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தலையாட்டினாள். நீங்களும் வாருங்கள் என்று மாமியாரைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரையும் காணும்னா உடனே தேட ஆரம்பிச்சிருவான். நான் இங்கன மெதுவா குளிச்சிட்டு நிக்கேன். கேட்டா, அவ துணி மாத்துதான்னு சொல்லிக்கிடுதேன்."

அவன் பெற்றவளையும் அடிக்கிறவன்தான் என்பதையும் அதே குரலில் சொன்னார். பிறகு துண்டை மருமகளின் ஈரத்தோளில் போர்த்தி, அவளை என் பக்கம் தள்ளிவிட்டு, அருவிக்குப் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் மகளிர் காவல் நிலையத்தில், தன் இஷ்டப்படிதான் வந்ததாக அந்தப் பெண் எழுதிக் கொடுத்தாள். இல்லத்தில் பழகிவிட்டாள், சமையலில் கை கொடுத்தாள். ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல அந்த ஆரஞ்சுத் துண்டைப் பக்கத்துக் கட்டிலில் போட்டு வைத்திருந்தாள். யாரையும் அதில் உட்காரவிடவில்லை. இல்லம் நிறைந்திருந்த ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தபோது, தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்தாள். துண்டு மட்டும் இடம் மாறவில்லை. எனக்கு மண்டை காய்ந்தது. துருவினேன்.

"ஆள் வருது, அக்கா" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

சாரல் ஓய்ந்து, அருவியில் தண்ணீர் நூலாக இறங்கிய நாட்களில், அதே சந்தை இரைச்சலோடு மறுபடி போன் வந்தது. இந்த முறை குரல் அடையாளம் தெரிந்தது, அருவியில் பார்த்த அந்த அம்மா. மகன் கடையில் ஏல மும்முரத்தில் இருந்தபோது அவர் தென்காசிக்குப் பஸ் ஏறிவிட்டார். இல்லத்தின் முகவரியை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை என்பதால் பேருந்து நிலையத்துக்கு நானே போனேன். மாற்றுப்புடவைகூட இல்லை, ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம். வெறுங்கையோடு எப்படி வருவது என்றார். இடது கை சரியாக மடங்கவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் அவர் கண் முதலில் மருமகளிடம் போகவில்லை, கட்டிலுக்குப் போனது.

"ஏட்டி, துண்டு இங்கனயா கிடக்கு? தோளுல கிடந்த துண்டு எங்கன்னு கேட்டுத்தான் அன்னைக்கு அடிச்சான்."

மருமகள் துண்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கேள்வி கேட்டே பிழைக்கிற எனக்கு அழுகைதான் வந்தது. அந்த அம்மா காலியான கட்டிலில் உட்கார்ந்தார். மடங்காத கையால் பையைச் சாய்த்து வெங்காயத்தைக் கொட்டி, உரிக்க ஆரம்பித்தார்.