வீரன் பார்த்த வைத்தியம்

செல்லிக்கு வாய் நீளம் என்று ஜவ்வாது மலையில் அவள் ஊரே சொல்லும். வீரனைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திப் பார்த்தால் யாருக்கும் வாய் நீளும். சாமைக் கொல்லையில் களையெடுப்பதும், புளி உலுக்குகிற காலத்தில் கூலிக்குப் போவதும், அவன் செய்துவைப்பதைச் சரிசெய்வதுமாகவே அவள் காலம் போகிறது.

வீரன் கெட்டவனில்லை. மகள் தமிழரசி மேல் உயிரையே வைத்திருக்கிறான். தொல்லையே அதுதான். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையென்று சந்தையில் ஒரு ரசமணி வாங்கிவந்தான். பாதரசத்தைக் கட்டியாக்கி உருட்டிய மணி. ராத்திரி பாலில் ஊறப்போட்டு, காலையில் அந்தப் பாலைக் குடிக்கவைப்பான். பகலெல்லாம் மணி அவள் கழுத்தில் தொங்கும்.

படிப்பு ஏறவில்லை. கை நடுக்கம்தான் வந்தது. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. சோறு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை. செல்லி பிள்ளையை இழுத்துக்கொண்டு மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"உடம்புல பாதரசம் சேர்ந்திருக்குங்க. மொதல்ல இந்த மணிய கழட்டுங்க" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை தர்றோம், தேறிடுவா. ஆனா மாசக்கணக்காகும். நடுக்கம் முழுசா போகுமான்னு இப்ப சொல்ல முடியாது. இனிமே துளி பாதரசம் உள்ள போகக் கூடாது."

செல்லிக்குப் புரிந்தது. ஊருக்குத்தான் புரியவில்லை. "இன்னும் நடுங்குதே, இன்னா ஆஸ்பத்திரி அது?" என்று கேட்காத ஆளில்லை. பதில் சொல்லியே அவளுக்குத் தொண்டை வறண்டது. ஆனாலும் தமிழரசி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள், சிரித்தாள், ஒருநாள் தானே தலை வாரிக்கொண்டாள். செல்லி அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

ஆடி மாதம் பிள்ளையால் மறுபடி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வீரன் முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் செல்லி பார்த்துவிட்டாள்.

"யோவ், இன்னாயா குடுத்த?"

"நரம்புக்குத் தெம்பு வரட்டும்னு, மணி வித்தவன்கிட்டயே வாங்குன செந்தூரப் பொடிமே. தேன்ல கொழைச்சு, போன மாசத்துலேர்ந்து..."

அவன் போனைப் பிடுங்கிச் சந்தைக்காரனைக் கூப்பிட்டு, அதில் பாதரசம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இன்னாம்மா இப்டி கேக்குற? பாதரசம் சேக்காம செந்தூரமா? சுத்தமான சரக்கு, பயப்படாத குடு!"

செல்லி போனை விட்டெறிந்தாள்.

"சீக்கிரம் நல்லாவட்டும்னுதான்மே குடுத்தேன்" என்றான் வீரன்.

"ஆயிக்கினுதானய்யா இருந்தா! நீ சும்மா இருந்திருந்தா போதுமே!"

வீரன் மகளின் நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். செல்லி அந்தக் கையை அவனிடமிருந்து விடுவித்து, பிள்ளையோடு ஆஸ்பத்திரி போகிற பஸ்ஸுக்கு நடந்தாள்.