உடுப்புக்குக் காது வரைந்த வருஷம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் முழுக்க நான் குழந்தை உடுப்புகளாக வரைந்து தள்ளினேன். காகிதப் பொம்மைப் புத்தகத்துக்காக. முதல் பக்கத்துத் தடித்த அட்டையில் ஒரு சிறுமி நிற்பாள். அடுத்தடுத்த பக்கங்களில் அவளுக்குப் பாவாடை, சட்டை, தாவணி எல்லாம் இருக்கும். கத்தரித்து எடுத்து, உடுப்பின் தோளிலும் இடுப்பிலும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பட்டைகளைப் பின்பக்கம் மடித்துவிட்டால் உடுப்பு பொம்மைமேல் நின்றுகொள்ளும். அந்தப் பட்டைகளை நாங்கள் காது என்போம்.

அதற்கு முன்பு காரைக்காலில் ஓர் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகைப் படங்கள் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். குத்துவிளக்கு, பிறை, சிலுவையும் புறாவும் என்று எந்த வீட்டுக் கல்யாணமும் என் கையைத் தொட்டுத்தான் போகும். அச்சக முதலாளியை பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் தங்கச்சி. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பாயின் பேத்திக்கு இப்படி ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். பாய் அதை மேசைமேல் விரித்துக் காட்டினார்.

"இது வெள்ளக்காரப் புள்ள. நாம நம்ம புள்ளைய போடுவோம் தங்கச்சி. நீங்க வரைஞ்சு கலர் குடுத்துடுங்க, சிவகாசில அடிச்சுக்கலாம். அடுத்த மாங்கனித் திருவிழாவுக்கு கடையில தொங்கணும்."

அந்த வருஷத் திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது. ஒரு வருஷம் கிடக்கிறதே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் கணவர் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். மகள் இரண்டாம் வகுப்பு. அவர்கள் கிளம்பியபின் அடுப்படிக்கு வெளியே வரைகிற பலகையைப் போட்டு உட்கார்வேன். ஆவணிக்குள் பொம்மையும் பாதி உடுப்புகளும் முடிந்துவிட்டன. இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன்.

மொத்தமாக எடுத்து விற்கிற வியாபாரி கும்பகோணத்திலிருந்து வந்தார். பொம்மையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். உடுப்பு மாட்டுவதற்காக அவளை வெறும் உள்ளாடையோடு வரைந்திருந்தேன்.

"பள்ளிக்கூடத்து வாசல்ல இதை எப்படிங்க தொங்கவிடுறது? பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. முழங்கால் வரைக்கும் ஏதாச்சும் போட்டுவிடுங்க."

"சின்னத் திருத்தம்தானே" என்றார் பாய்.

சின்னத் திருத்தமில்லை. அவளுக்கு முழங்கால் வரை ஒரு வெள்ளைப் பாவாடைச் சட்டை போட்டதும், மற்ற உடுப்புகளெல்லாம் அதை மறைக்கும் அளவுக்கு அகலமாக வேண்டியிருந்தது. வரைந்த கவுன் எல்லாம் குட்டையாகிப் போயிற்று. பள்ளிச் சீருடையின் கீழே வெள்ளை எட்டிப் பார்த்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப வரைந்தேன். பொம்மையின் கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தேன். வைத்ததும் தோளின் சாய்வு மாறியது. தோள் மாறியதால் காதுகளின் இடமும் மாறியது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. ரப்பர்த் துகளை மடியிலிருந்து தட்டிவிட்டு உலை வைக்கப் போவேன்.

திரும்ப வரைந்ததை மகளிடம் கொடுத்துக் கத்தரிக்கச் சொன்னேன். அவள் பொறுமையாக, அழகாக, எல்லாக் காதுகளையும் வெட்டி எறிந்துவிட்டாள்.

"ஏன்டி வெட்டுன?"

"அது சட்டையில இல்லல்லம்மா. வெளியில நீட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு."

அவள் சொன்னது நியாயம்தான். கடையில் வாங்குகிற குழந்தையும் இதைத்தான் செய்யும். காதுகளைப் பெரிதாக்கி, மடிக்க வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு போட்டு, எல்லாத் தாள்களையும் இன்னொரு முறை வரைந்தேன். அதற்குப்பின் மகள் அந்தப் பலகைப் பக்கமே வரவில்லை. விளையாட ஒன்று தருகிறேன் என்றாலும், "அது உன் வேலம்மா, எனக்கு வேணாம்" என்று ஓடிவிடுவாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. போஸ்டர் கலர் காயவே இல்லை. பூசிய தாளைச் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தால் ஓரம் சுருண்டது. வைக்காவிட்டால் பூஞ்சை பூத்தது. தோல் நிறத்துக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை, துளி கறுப்பு சேர்த்துக் குழைப்பேன். அது காய்ந்துவிட்டால் மறுபடி அதே நிறம் வராது. ஒரு தாளில் பொம்மையின் முகம் ஒரு நிறமும் கால் ஒரு நிறமுமாக இருந்தது.

கார்த்திகையில் ஆலையைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு ஆலை வாசல்வரை போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவருவார். நிரவியில் அவர் அண்ணன் வீட்டில் அறுவடைக்குக் கூப்பிட்டார்கள். போய்வந்தார். அதுவும் முடிந்தபின் வீட்டில் எங்கே உட்கார்வது என்று தெரியாதவர்போல் இடம் மாறி மாறி உட்கார்ந்தார்.

தை மாதத்தில் என் வலது மணிக்கட்டு வீங்கியது. தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு, கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார்கள். கோடுகள் முடிந்திருந்தன. நிறம் பூசுவதுதான் மலைபோல் கிடந்தது.

"ஒரு பாவாடைக்கு மட்டும் பூசிப் பாருங்களேன்" என்றேன் அவரிடம்.

"நான் என்ன சின்னப் புள்ளையா, கலர் அடிக்க?"

"கோட்டுக்குள்ள நின்னா போதுங்க."

எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பிவந்து, கையைத் துடைத்துக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்தார். பிரஷ்ஷைப் பீடி பிடிப்பதுபோல் பிடித்தார். கோட்டின் ஓரம் வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். அந்த நீலப் பாவாடை திட்டுத் திட்டாகத்தான் வந்தது. இன்னொரு பூச்சு பூசச் சொன்னேன். பூசினார். மூன்றாவது உடுப்பிலேயே கை படிந்துவிட்டது. அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் அவை.

நாங்கள் அப்படி எதிரெதிரே உட்கார்ந்தது அந்த மாதங்களில்தான். ஷிப்ட் வேலையில் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்கிக்கொண்டிருப்போம். இப்போது நான் இடது கையால் நிறம் குழைத்துக் கொடுப்பேன், அவர் பூசுவார். பேச்சு அதிகமில்லை. இருவருக்கும் களைப்பு. எனக்கு வேலை செய்த களைப்பு, அவருக்கு வேலையில்லாத களைப்பு.

கடைசிப் பக்கங்களில் கல்யாண உடுப்புகள். ஊருக்கு ஏற்றபடி மூன்று கல்யாணமும் வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். மாதாகோயிலுக்கு வெள்ளைச் சேலையும் முக்காடும் ஒன்று, சரிகை போட்ட முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டது ஒன்று, கூறைப்புடவை ஒன்று. கூறைப்புடவைக்கு நான் அரக்கு குழைத்தேன்.

"பச்சை குடு" என்றார்.

"கல்யாணத்துக்கு அரக்குதாங்க."

"பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நீ பச்சைதான் கட்டியிருந்த. கத்திரிப்பூ கலர் கரை."

அது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய புடவை. அதன் நிறமே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அவர் தலைகுனிந்து பஜ்ஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். பச்சையைக் குழைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மணிக்கட்டு வலி என்று நினைத்துக்கொண்டு, "போதும், போய்ப் படு" என்றார்.

பாய்க்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை. மாற்றச் சொன்னார். என்னால் முடியாது என்று அந்த வருஷத்திலேயே முதல் தடவையாகச் சொன்னேன். அவர் என் கைக்கட்டைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்மா" என்று தாள்களைக் கட்டிச் சிவகாசிக்கு அனுப்பினார்.

சித்திரையில் ஆலை திறந்தது. ஆனி மாதம் புத்தகம் வந்தது. சிவப்பு கொஞ்சம் நகர்ந்து அச்சாகியிருந்ததால் பொம்மையின் உதடு கன்னத்தைத் தொட்டது. திருவிழாவன்று மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். மாடிகளிலிருந்து மாம்பழம் எறிகிறார்கள், ஜனம் கை நீட்டித் தாவுகிறது. ஒரு கடையில் பலூனுக்கும் ஊதலுக்கும் நடுவே எங்கள் புத்தகம் கிளிப்பில் தொங்கியது. பெருமையாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கால் வலித்ததுதான் தெரிந்தது. ஒரு அம்மா அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். என் கணவர் கூச்சத்தை விட்டுவிட்டு அவளிடம் போனார்.

"நல்லாருக்கும், வாங்கிக் குடுங்க. கல்யாணப் பொடவையெல்லாம் இருக்கு."

அவரைக் கடைக்காரர் என்று நினைத்து அவள் விலையைக் குறைக்கச் சொன்னாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

திருவிழா முடிந்து சில நாளில் பாய் வீட்டுக்கே வந்துவிட்டார். "அடுத்தது ஆம்பளப் புள்ள தங்கச்சி. ஒரு சட்ட, ஒரு டவுசர். சீக்கிரம் முடிஞ்சுடும்."

"தீபாவளிக்கு அப்புறம் வாங்க பாய்" என்றேன்.

அவர் போனபின் பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தரையிலேயே படுத்தேன். உள்ளே என் கணவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருந்தாளாம். எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.