ஜிம்மியின் கழுத்தில் இருந்த கம்பி

1988-ஆம் வருடம், ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் நாய் ஜிம்மி இட்டேரி வேலியோரம் செத்துக் கிடந்தது. கழுத்தில் கம்பிச் சுருக்கு இறுகிப் போயிருந்தது. சுற்றிலும் மண்ணைக் கால்களால் பறித்துப் பறித்துக் குழியாக்கியிருந்தது. எவ்வளவு நேரம் போராடியதோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். நான் வழியிலேயே உட்கார்ந்து அழுதேன். நாற்பது வயது மனிதன் நாய்க்காக இப்படி அழுவதைப் பார்த்து, சைக்கிளில் வந்த பால்காரர் இறங்கி நின்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சாமுவேல். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் ஊருக்கு இட்டேரி வழியாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டுவண்டி போகிற அளவுக்கு வழி, வேலிக்கு அப்புறம் கடலைக்காடும் சோளக்காடும். எனக்கும் என் மனைவி சாராளுக்கும் பிள்ளை இல்லை. ஏழு வருடம் ஜிம்மிதான் வீட்டில் ஓடியாடித் திரிந்தது. தினமும் சாயங்காலம் அது இட்டேரி முனையில் வந்து எனக்காகக் காத்திருக்கும். ஓவர்டைம் இருக்கிற நாளில் நான் ஒரு பஸ் பிந்தி வந்தாலும் அங்கேயே படுத்திருக்கும். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அதை முனையில் காணவில்லை. விசில் அடித்துப் பார்த்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வீட்டில்தான் இருக்கும் என்று நினைத்து நடந்துவிட்டேன். அது கிடந்த இடத்தைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன்.

கம்பியைக் கழற்றப் பார்த்தேன், கழலவில்லை. கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்து, பனியன் துணியில் சுற்றி வைத்தேன். ஜிம்மியை வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். சாராள் அதன் சோற்றுத் தட்டைக் கழுவி, வழக்கமான இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள். அன்று முதல் வீட்டு ஜெபத்தில் என்னிடமிருந்து ஒரே ஒரு விண்ணப்பம்தான் போனது. "ஆண்டவரே, இதைச் செய்தவன் யாரென்று எனக்குக் காட்டும்." இத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவன் கை விளங்காமல் போக வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்டேன். சாராள் அதற்கு ஆமென் சொல்லவில்லை. எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

யார் என்பது எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தது. அந்த வேலிக்கு உள்பக்கம் நாச்சிமுத்து அண்ணனின் கடலைக்காடு. முளைவிட்ட கடலையை முயல் வந்து கொறித்துவிடும். முயல் வருகிற சந்து பார்த்து அவரும் மற்றத் தோட்டத்துக்காரர்களும் சுருக்கு வைப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கடலையும் மிஞ்சும், கறியும் கிடைக்கும். வழியில் எதிர்ப்பட்டபோது அவர் என்னைப் பார்த்து, "வருத்தமா இருக்குது சாமு" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அவர் குனிந்த தலையைப் பார்த்து, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு.

நான் சும்மா இருக்கவில்லை. இட்டேரியில் சுருக்கு வைப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று மனு எழுதினேன். ஊராட்சித் தலைவரிடம் ஒன்று கொடுத்தேன். ஒரு நாள் லீவு போட்டுக் கோயமுத்தூருக்குப் போய் கலெக்டர் ஆபீசில் ஒன்று கொடுத்தேன். வனத்துறை ஆபீசில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். முயலைப் பிடிக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வேலிக்கும் ஒரு ஆளை நிறுத்த முடியுமா என்று திருப்பிக் கேட்டார். ஊரிலேயே பேசிக் கட்டுப்பாடு வைத்தால்தான் நிற்கும் என்றார். சென்னைக்கும் தபாலில் ஒரு மனு போட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கார்த்திகை கடைசியில் ஊராட்சிக் கூட்டத்தில் என் மனுவைப் பேச எடுத்தார்கள். கூட்டத்தில் காட்டுவதற்காக அந்தக் கம்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், மெஷின் ஓரத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் துணியைப் பிரித்தேன். அதுவரை நான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. பார்க்க மனசு வரவில்லை. ரத்தம் காய்ந்திருந்த இடத்தைத் துடைத்தேன். சுருக்கு ஓடுகிற இடத்தில் ஒரு சின்னத் தகடு இருந்தது. இரண்டு ஓட்டை போட்டு, நடுவில் மடித்த தகடு.

அது நான் செய்தது.

நிட்டிங் ஊசியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் முனையில் சின்னதாய் ஒரு நாக்கு இருக்கும். நூல் ஒரு பக்கம் போகும்போது திறந்து கொடுக்கும், திரும்பி வரும்போது மூடிக்கொள்ளும். நாள் முழுக்க அந்த ஊசிகளோடு மாரடிக்கிறவன் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாச்சிமுத்து அண்ணன் என்னிடம், சுருக்கில் விழுந்த முயல் இழுப்பதை நிறுத்தியதும் கம்பி தளர்ந்து தப்பித்துவிடுகிறது, இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருந்தார். அந்த ஊசி நாக்கின் யோசனையைத்தான் நான் கம்பிக்குக் கொடுத்தேன். பழைய ஸ்கூட்டர் கிளட்ச் கம்பி, அதில் இந்தத் தகடு. இறுகும், தளராது. ஆறு செய்து கொடுத்தேன். கம்பெனியில் மற்ற ஃபிட்டர்களிடம் காட்டிப் பெருமையும் அடித்தேன். "சாமுவேல் மூளையே மூளை" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாதாரணச் சுருக்கில் நாய் மாட்டினால், இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே படுத்துக்கொள்ளும். கம்பி தளரும். காலையில் யாராவது வந்து எடுத்துவிடுவார்கள். ஊரில் அப்படித் தப்பிய நாய்கள் உண்டு. ஜிம்மியும் தப்பியிருக்கும், தகடு இல்லாமல் இருந்திருந்தால்.

யாரென்று காட்டும் என்று கேட்டேன். காட்டிவிட்டார்.

பிரியமானவர்களே, அப்போதே நான் முழங்காலில் விழுந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் விழவில்லை. கம்பியை மறுபடியும் துணியில் சுற்றி டூல்ஸ் பெட்டியின் அடியில் போட்டேன். கூட்டத்துக்கு வெறுங்கையோடு போனேன். அங்கே நல்லவன் மாதிரி பேசினேன். ஈவு இரக்கமில்லாத சிலர் என்றுகூடச் சொன்னேன். நாய்க்கெல்லாம் தீர்மானமா என்று பின்னாலிருந்து சிரித்தார்கள். மழையிலிருந்து காட்டைக் காப்பாற்றவே தலைகீழாக நிற்கிறோம், இதில் இது வேறா என்றார் ஒருவர். நாச்சிமுத்து அண்ணன் ஓரமாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மனுவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, நாச்சிமுத்து அண்ணன்தான் உள்ளுக்குள் வேலை செய்து கெடுத்துவிட்டார் என்று சாராளிடம் சொன்னேன். பொய் சொல்கிறவனுக்கு ஊரெல்லாம் பொய்யாகத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. வீட்டு ஜெபத்தை சாராள் மட்டும் நடத்தினாள். சபையில் கண்ணை மூடினால் வேலியோரம் பறித்த மண்தான் தெரிந்தது. மெஷினில் ஊசியின் அந்தச் சின்ன நாக்கு படக்கென்று மூடும் ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப் போடும். இதற்கிடையில் மார்கழியில் ஊரில் இன்னும் இரண்டு நாய்களும் ஒரு கன்றுக்குட்டியும் சுருக்கில் மாட்டின. கன்று பிழைத்துக்கொண்டது. நாய்கள் பிழைக்கவில்லை. என் தகட்டைப் பார்த்து வேறு யாரோ அதே மாதிரி செய்திருந்தார்கள். நல்லதைச் சொல்லிக்கொடுக்க ஊரைக் கூட்ட வேண்டியிருக்கிறது, இது மட்டும் தானாகவே பரவிவிட்டது.

தை பிறந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனை முடிந்து வந்ததும் சாராளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் தகட்டைத் தடவிப் பார்த்தாள். எழுந்து பின்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் வெகுநேரம் நின்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சமைத்து வைப்பாள், போய்விடுவாள். மூன்றாம் நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, ஆண்டவர் உங்களுக்குப் பதில் குடுத்துப்போட்டாருங்க. நீங்கதான் அவருக்கு இன்னும் பதில் குடுக்கோணும்."

அன்று சாயங்காலம்தான், ஒரு மாதத்துக்கும் அதிகமான நாட்களுக்குப் பிறகு, நான் முழங்கால் போட்டேன். நீளமாக ஒன்றும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வேண்டும், இந்தக் கம்பி இனி எங்கள் இட்டேரியில் இருக்கக் கூடாது. இந்த இரண்டைத்தான் கேட்டேன். நாச்சிமுத்து அண்ணனின் கை விளங்காமல் போகக் கேட்டதை எடுத்துப் போடும்படியும் கெஞ்சினேன். விளங்காமல் போக வேண்டிய கை எது என்பது அப்போது தெரிந்துவிட்டதே.

மாசி மாதக் கூட்டத்தில் என் மனுவை மறுபடி எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். தலைவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். கம்பியை எடுத்து மேசை மேல் வைத்தேன். "இந்தத் தகடு போட்டது நானுங்க. எங்க ஜிம்மியக் கொன்னது என்ற கைதானுங்க. போன தடவ அதை மறைச்சுப் பேசினனுங்க" என்றேன். அதற்கு மேல் எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. யாரும் சிரிக்கவில்லை.

நாச்சிமுத்து அண்ணன் எழுந்து முன்னால் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள்ளிருந்து கம்பிகளை எடுத்து, என் கம்பிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"ஆறுல ஒண்ணு உங்கிட்ட இருக்குது சாமு. மிச்சம் அஞ்சு இதா. உன்ற நாய் செத்த அன்னைக்கே வேலியில இருந்து அவுத்துப்போட்டனப்பா. மனு மறுக்கா வருதுன்னதும் ஊர் முன்னால குடுத்தரலாமுன்னு கொண்டாந்தன்."

தெரிந்தே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ வழியில உக்காந்து அழுதீன்னு பால்காரரு வந்து சொன்னாரு. அப்பேர்ப்பட்ட ஆளுகிட்டப் போயி, அது நீ செஞ்ச கம்பிடான்னு எப்படிச் சொல்றது சாமு? என்னையே திட்டிட்டுப் போறான், போகட்டுமுன்னு இருந்துட்டன். வெச்சது நான்தான?"

நான் அவரைச் சபித்து ஜெபித்த நாட்கள் அத்தனையும், அவர் என் குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அவர் நம் சபைக்காரர் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அவிநாசிக் கோயிலுக்குப் போகிறவர். ஆனால் ஆண்டவர் தம்முடைய பொறுமையை எனக்குக் காட்டியது அவர் மூலமாகத்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். இந்தத் தடவை தனியாக அழவில்லை.

அன்றே தீர்மானம் போட்டார்கள். இட்டேரியிலும் பொது வழியை ஒட்டிய வேலியிலும் யாரும் சுருக்கு வைக்கக் கூடாது. கம்பிச் சுருக்கே ஊரில் வேண்டாம். பெருச்சாளிக்குப் பொறி வைத்தால் தோட்டத்துக்கு உள்ளே, கூண்டுப் பொறிதான் வைக்க வேண்டும். வைத்த இடத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், காலையும் மாலையும் போய்ப் பார்க்க வேண்டும். துணிக்கு நம் ஊரில் பஞ்சமா? கம்பெனி வேஸ்ட்டில் சிவப்பாகப் பார்த்து ஒரு மூட்டை நானே கொண்டுவந்து கொடுத்தேன். முயலுக்காக, கடலைக்காட்டு வேலிச் சந்துகளை முள் வெட்டி அடைக்க ஊரே சேர்ந்து இரண்டு ஞாயிறு வேலை செய்தது. ஆராதனை முடிந்து நானும் போய் முள் சுமந்தேன்.

எல்லாரும் ஒரே நாளில் மாறிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஒளித்து வைத்தவர்களும் உண்டு. அப்படிக் கண்டபோதெல்லாம் நாச்சிமுத்து அண்ணனும் நானும் சேர்ந்தே போய்ப் பேசினோம். அடுத்தடுத்த வருடங்களில் பக்கத்து ஊர்க்காரர்கள் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒரு தடவை வெள்ளகோவில் பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு நான் முதலில் காட்டியது தீர்மானத்தை அல்ல, தகட்டை. நான் செய்ததைச் சொல்லாமல் மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

இன்றைக்கு எட்டு வருடம் ஆகிவிட்டது. சென்னை மனுவுக்குப் பதில் வராவிட்டாலும், என் ஜெபத்துக்கு வந்துவிட்டது. ஓய்வு நேரத்தில் கூண்டுப் பொறி செய்து கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். அதன் கதவிலும் ஒரு தாழ் இருக்கிறது. அதைத் திறக்க ஒரு விரல் போதும். என் கை இன்னும் விளங்குகிறது, அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன்.

உங்களில் யாராவது ஒருவர் மேல் கசப்போடு ஜெபித்துக்கொண்டிருந்தால், என்னைப் பார்த்துக் கொஞ்சம் நில்லுங்கள். தயங்காமல் கேளுங்கள், அவர் பதில் கொடுக்கிறவர். ஆனால் யாரென்று காட்டும் என்று கேட்கும்போது, காட்டுவதைத் தாங்கிக்கொள்ளும் பெலனையும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு அவர் இரண்டையும் கொடுத்தார். தாங்கத் தெரியாமல் நான் நின்றபோது பக்கத்தில் வந்து நிற்க, ஒரு மஞ்சள் பையோடு நாச்சிமுத்து அண்ணனையும் கொடுத்தார்.